பாறணைக்குப் பிறகு வந்த அந்தரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

புரட்டாசி நடுப்பகுதியில் அவர் கிளினிக்குக்கு வந்தபோது மேல்சட்டைப் பையில் ஒரு சிகரட் நிமிர்ந்து நின்றது. பெட்டி இல்லை, ஒற்றைச் சிகரட். மூன்று கிழமையாக மாறாத இருமலுக்கு மருந்து எடுக்க வந்தவர். நெஞ்சில் குழல் வைக்கக் குனிந்த நான் அதைக் கண்டதை அவரும் கண்டார். "இது வெளியில போய்ப் பத்துறதுக்கு. நீங்கள் பேசி முடிய எப்படியும் ஒண்டு தேவைப்படும்" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை.

அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 46. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நீர் இறைக்கும் மோட்டர்களும் மண்ணெண்ணெய் இயந்திரங்களும் திருத்துவது தொழில். 1995 ஒக்ரோபர் 30 இல் போரினால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவருக்கு 17. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு ஒன்றாகக் கிடந்த நாட்களில் ஒரு பீடியில் தொடங்கியது. இப்போது நாளுக்கு 12 சிகரட் அளவில். காசு இறுகினால் பாதிக்குப் பாதி பீடி. தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணியேறிய காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த வீடு. "எங்கட வீட்டுச் சோறே புகையிலைதான் டொக்டர், அதை எப்பிடி நான் பகைக்கிறது?" என்று பாதிப் பகிடியாகக் கேட்டார்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை. நெஞ்சுப் படமும் தெளிவு. இரத்த அழுத்தம் 148/92. நிக்கொட்டின் சார்பை அளக்கும் பாகர்ஸ்ட்ரோம் வினாக்கொத்தில் பத்துக்கு 6 புள்ளி எடுத்தார். 12 சிகரட்டுக்கு இது கூடுதலாகத் தெரியலாம். ஆனால் அந்த வினாக்கொத்தில் எத்தனை சிகரட் என்பதற்கு உள்ள அதே நிறை, எழும்பி எத்தனை நிமிடத்தில் முதலாவது என்பதற்கும் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் முழுப் புள்ளி மூன்று. இவர் பாயை விட்டு எழும்பிக் கக்கூசுக்குப் போகும் வழியிலேயே பத்துபவர். இரவு முழுக்க நிக்கொட்டின் இறங்கிப்போன மூளை விடியற்காலையில் எவ்வளவு அவசரப்படுகிறது என்பதை அந்த ஒரு பதிலே சொல்லிவிடும். நாளுக்கு இருபது பத்திக்கொண்டு, முதலாவதைப் பத்து மணிக்குத் தொடுகிறவரைவிட இவருக்கு விடுவது கடினம்.

அந்த ஒற்றைச் சிகரட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுக்கிறது. பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூட வேண்டும் என்பதும் பின்னர் வந்தது. நல்ல சட்டம். ஆனால் படம் பெட்டியில் இருக்கிறது, பெட்டி கடைக்காரரிடம் இருக்கிறது. எங்கள் ஆள் சந்திக் கடையில் ஒன்று வாங்கி, தூணில் நூலில் தொங்கும் லைற்றரால் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார். அழுகிய நுரையீரலின் படத்தை நாள் முழுக்கப் பார்ப்பவர் சிகரட் தொடாத கடைக்காரர்.

வருசா வருசம் விடுகிறவர்

முன்பு எப்போதாவது விட்டுப் பார்த்திருக்கிறாரா என்று வழமைப்படி கேட்டேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான், பெரும்பாலும் "இரண்டு நாள்" என்ற பதில் வரும்.

"வருசா வருசம் விடுறனான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள்."

"ஆறு நாளும் ஒண்டுமே இல்லையோ?"

"விரதமெல்லே!" என் கேள்வியே அவருக்குப் பிழையாகப் பட்டது. "ஏழாம் நாள் பாறணை முடிச்சுக் கை கழுவேக்க, கை தானாப் பொக்கற்றுக்குப் போகும்."

நான் பேனையை வைத்துவிட்டேன். உடலில் நிக்கொட்டினின் அளவு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. மூன்று நாளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. எரிச்சல், தலையிடி, நித்திரையின்மை, வேலையில் மனம் நில்லாமை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாட்களில்தான் உச்சிக்கு ஏறும். அதன்பிறகு இரண்டு முதல் நான்கு கிழமைகளில் தணியும். புகைப்பதை விடப் போகிறவர்களிடம் நாங்கள் முதல் மூன்று நாளைத்தான் பூதாகரமாகச் சொல்வோம். இந்த மனிதர் அந்த மூன்று நாளை, வெறும் வயிற்றோடு, வருசா வருசம் நடந்து கடந்திருக்கிறார். பிறகு ஏழாம் நாள் திரும்பி வந்து அதே இடத்தில் இருந்துகொள்கிறார்.

"அந்த ஆறு நாளும் ஆசை வராதோ?"

"தலையிடிக்கும், பசிக்கும். சிகரட் ஞாபகம் பெரிசா வராது. கோயில், வீடு, கோயில். ஏழாம் நாள்தான். அதுவும் ஆசையில்லை டொக்டர், அந்தரம்."

என் மேசையில் கிடந்த கையேட்டில் "வேட்கை" என்று போட்டிருந்தது. சஞ்சிகைகளில் "ஏக்கம்" என்பார்கள். அவர் ஆசையை மறுத்துவிட்டு அந்தரம் என்றார். பஸ் வெளிக்கிடப் போகிறது, பையை எங்கோ வைத்துவிட்டோம், அப்போது வருவது அந்தரம். அதில் இன்பம் ஏதும் இல்லை, உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. மருத்துவமும் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறது. பல வருடம் பத்தியவர் அடுத்த சிகரட்டை எடுப்பது பெரும்பாலும் சுகத்துக்காக அல்ல, சுகமின்மையை நிறுத்த. அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டிலும் அந்தரம் என்றே எழுதினோம்.

ஆக, திகதி முடிவாயிற்று. ஐப்பசியில் கந்தசஷ்டி தொடங்கும் நாளே விடும் நாள். அந்த ஆறு நாளுக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை, அதை அவர் என்னைவிட நன்றாகச் செய்வார். மிச்சமிருந்த நாட்களை ஏழாம் நாளுக்காகச் செலவழித்தோம்.

பில் புத்தகத்தின் பின்பக்கம்

விடுவதற்கு முந்திய இரண்டு கிழமையும் ஒரு சிகரட்டையும் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் பற்றவைக்க முன் நேரமும் இடமும் குறிக்கச் சொன்னேன். அழகான அட்டவணை ஒன்று அச்சடித்துக் கொடுத்தேன். அதை அவர் எங்கோ துலைத்துவிட்டு, கிறீஸ் விரலடையாளம் பதிந்த தன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். "கா. 5.10 கக்கூசு. 7.30 சந்தி, தேத். 9.15 கிணறு, தண்ணி வந்தது. 10.00 தேத். 11.40 கிணறு, தண்ணி வந்தது." இப்படிப் பதின்மூன்று நாள்.

அதைப் படித்தபோது ஒன்று வெளிச்சமாயிற்று. அந்தரம் எல்லா நேரமும் வருவதில்லை. அதற்கு விலாசம் இருக்கிறது. ஆறு விலாசம்: காலைக் கக்கூசு, சந்தித் தேத்தண்ணிக் கடை, திருத்தி முடித்த கிணற்றடி, மழை நாளில் வேலையில்லாத பட்டறை, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தை, சுவிஸில் இருக்கும் தம்பி காணி விஷயமாக எடுக்கும் தொலைபேசி அழைப்பு. கந்தசஷ்டி ஆறு நாளில் இந்த ஆறில் நான்குக்கு அவர் போவதே இல்லை. வேலை இல்லை, கடைத் தேத்தண்ணி இல்லை, இராச் சாப்பாடும் இல்லை. விரதம் அவருடைய மனத்தைக் கட்டியதைவிட, அவரை அந்த இடங்களில் இருந்து அகற்றி வைத்ததுதான் கூட வேலை செய்திருக்கிறது. ஏழாம் நாள் எல்லா விலாசமும் அப்படியே அவருக்காகக் காத்திருக்கும்.

கிணற்றடிதான் பொல்லாதது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் அதை நான் விளங்கிக்கொள்ளவில்லை. மோட்டரைக் கழற்றி, புட் வால்வில் பிழை பார்த்து, திரும்பப் பூட்டி, தண்ணீர் விட்டு நிரப்பி, ஆளியைப் போடுகிறார். முதலில் குழாய் இருமும். காற்றும் சேறும் கக்கும். பிறகு தண்ணீர் முழுக்கனத்தில் தொட்டிக்குள் விழுந்து வாய்க்காலில் ஓடத் தொடங்கும். அந்த நேரம் அவர் கிணற்றுக்கட்டில் ஏறி இருந்து ஒன்றைப் பற்றவைப்பார். தோட்டக்காரரும் பக்கத்தில் இருப்பார். தண்ணீர் வெங்காயப் பாத்தியின் கடைசி மூலைக்குப் போய்ச் சேரும் வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிகரட்டைப் பெரும்பாலும் தோட்டக்காரரே நீட்டுவார். கூலி வேறு, இது வேறு. முப்பது வருடமாக வேலை முடிந்தது என்பதற்கு அவருடைய உடம்பில் இருக்கும் ஒரே அடையாளம் அந்தப் புகை. "அதை விட்டால் வேலை முடிஞ்ச மாதிரியே இல்லை" என்றார். ஆழமாக மூச்சு விடுங்கள் என்று சொல்லி இதைத் தீர்க்க முடியாது. நான் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

தீர்வும் அவரிடமிருந்துதான் வந்தது. தண்ணீர் வந்ததும் கிணற்றுக்கட்டில் ஏறாமல் நேரே குழாய்வாய்க்குப் போவது. சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கிறீஸ் போகக் கழுவுவது, முகம் கழுவுவது, வாய் கொப்பளித்து இரண்டு கை நிறையக் குடிப்பது, கால் நனைப்பது. ஈரக்கையால் சிகரட் பிடிக்க முடியாது, பேப்பர் ஊறிவிடும். கை காய்வதற்குள் தண்ணீர் பாத்தியின் பாதிக்கு ஓடியிருக்கும். தள்ளிப்போடு, தண்ணீர் குடி, மூச்சை ஆழமாக விடு, வேறொன்றைச் செய் என்று உலகம் முழுக்கப் புகைத்தல் கிளினிக்குகளில் சொல்லும் நான்கில் மூன்று அந்தக் குழாய்வாயிலேயே நடந்துவிட்டது. நான்காவது, அவர் குனிந்து கால் கழுவி நிமிரும்போது தானாக வந்தது.

நீட்டப்படும் சிகரட்டுக்கு என்ன சொல்வது என்பது வேறு பிரச்சினை. "விட்டிட்டன்" என்றால், "எத்தினை நாளைக்கு அண்ணை?" என்று பகிடி வரும். கந்தசஷ்டி கிழமையில் "விரதம்" என்ற ஒரு சொல் போதும், நீட்டிய கை மடங்கிவிடும். விரதகாரரை யாழ்ப்பாணத்தில் யாரும் வற்புறுத்துவதில்லை. அதன்பிறகு? "டொக்டர் மறிச்சிட்டா, நெஞ்சில பிழையாம்." என் பெயரில் இவ்வளவு பயங்கரமான நோய் ஒன்று அவருக்கு வந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தேன். சரி, போகட்டும்.

நிமிடக் கணக்கு

அந்தரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். ஐந்து நிமிடம், கூடினால் பத்து, என்றேன். நம்பவில்லை. தொழில்காரர், தன் மீற்றரில் பார்க்காத எதையும் நம்பாதவர். கைத்தொலைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தைக் காட்டிக் கொடுத்தேன். வந்ததும் அமத்துவது, தணிந்ததும் அமத்துவது. சண்டை பிடிக்கவோ மறக்கவோ முயலாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் இதை அலையில் சறுக்குவதற்கு ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அலை ஏறும், உடையும், கரைக்கு வரும், நீ அதன் மேலேயே இரு என்பார். அதைச் சொன்னேன். கடற்கரையில் பிறக்காத எங்கள் ஆளுக்கு அது ஏறவில்லை.

பத்தாம் நாள் வந்தபோது அவரே சொன்னார். "இது மோட்டர் ஸ்ராட் எடுக்கிற மாதிரி டொக்டர். ஆளியைப் போட்டவுடன கிளாம்ப் மீற்றரில பாத்தா அம்பியர் அஞ்சாறு மடங்கு இழுக்கும். தெரியாதவன் பயந்து நிப்பாட்டிப் போடுவான். நிக்க விட்டா அதுவா இறங்கி ஒரு அளவுக்கு வந்திடும்." அதன்பிறகு நான் மார்லட்டின் அலையை அவரிடம் எடுக்கவில்லை. இப்போது வேறு நோயாளிகளுக்கும் ஸ்ராட் அம்பியரைத்தான் சொல்கிறேன், தோட்டக்காரர்களுக்கு அது உடனே விளங்குகிறது.

பில் புத்தகத்தின்படி முதல் மாதத்தில் மிக நீண்ட அந்தரம் 7 நிமிடம் 40 செக்கன், தம்பியின் அழைப்புக்குப் பிறகு. பெரும்பாலானவை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்.

வாயில் போட ஏதாவது வேண்டும் என்றார். கையேட்டில் கரட் துண்டு என்று இருந்தது. "கரட்டோட கிணத்தடியில நிண்டா முயல் எண்டுவாங்கள்" என்றுவிட்டு, மனைவியைக்கொண்டு புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) சிறிதாக முறிப்பித்து, சிகரட் இருந்த அதே பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். இது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத நல்ல மருந்து. புழுக்கொடியல் அவ்வளவு இலேசில் கடிபடாது. ஒரு துண்டை வாயில் ஊறவைத்து மெதுவாக்கி அரைத்து விழுங்க ஐந்தாறு நிமிடம் பிடிக்கும், அந்தரத்தின் ஆயுளைவிடக் கூட. நார்ச்சத்தும் உண்டு. புகைப்பதை விட்டவர்களில் பலருக்கு முதல் கிழமைகளில் மலச்சிக்கல் வரும், குடலை அசைத்துக்கொண்டிருந்த நிக்கொட்டின் நின்றுவிடுவதால். இவருடைய காலை விலாசத்துக்கு அதுவே பெரிய இடைஞ்சலாக இருந்தது. எழும்பியதும் இரண்டு கோப்பை சுடுதண்ணீர், இரவில் பப்பாப்பழம், பகலில் புழுக்கொடியல். பதினைந்தாம் நாளளவில் கக்கூசு வழிக்கு வந்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததால் இடக்கொடுப்பால் மட்டும் கடிக்க வேண்டியிருந்தது என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கனடாப் பெட்டி

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த மனைவியின் தமையன் ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது, நிக்கொட்டின் சுவிங்கம் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தான் விடக் கொண்டுவந்து, தான் விடாமல், மச்சானுக்குக் கொடுத்தது. 2 மில்லிகிராம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அறிவுறுத்தல். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் பத்துகிறவருக்கு 4 மில்லிகிராம்தான் பொருத்தம், ஆனால் இருந்தது இதுதான். நிக்கொட்டின் மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, 2021 இல் புகைப்பதை விட உதவும் மாத்திரைகளான வரெனிக்ளினையும் புப்ரோப்பியனையும் சேர்த்தது. எங்கள் ஆளின் அத்தியாவசிய மருந்து மச்சானின் பயணப்பையில் வந்தது.

எட்டாம் நாள் மனைவி தொலைபேசியில்: "டொக்டர், இவருக்கு விக்கல் நிக்குதில்லை, நெஞ்செரியுதாம்." சுவிங்கத்தைச் சுவிங்கம் மாதிரியே சப்பியிருக்கிறார், வேகமாக, ஒன்றன்பின் ஒன்றாக. நிக்கொட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போனால் விக்கலும் எரிவும்தான் மிச்சம். அது வாயின் உட்தோலால் உறிஞ்சப்பட வேண்டும். மறுநாள் கூப்பிட்டு விளக்கினேன். காரம் சுள்ளென்று ஏறும் வரை மெதுவாகக் கடிப்பது, ஏறியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் அடக்குவது, சுள் குறைய இரண்டு கடி, திரும்ப அடக்குவது, அரை மணித்தியாலம் வரை. நான் சொல்லி முடிக்க முன் மனைவி சொன்னார்: "இஞ்சருங்கோ, அம்மம்மா வெத்திலையைக் கொடுப்புக்குள்ள அடக்கிக்கொண்டு கதைக்கிறவ, அப்பிடி." அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோப்பி, பழச்சாறு, சோடா போன்றவை வாயைப் புளிப்பாக்கி உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் அவற்றுக்கும் சுவிங்கத்துக்கும் இடையில் கால் மணித்தியாலம் விடச் சொன்னேன்.

கிணற்றடிக்கு ஒன்று, இரவு விறாந்தைக்கு ஒன்று, தம்பியின் அழைப்பு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று கூட. அந்தரம் வந்த பிறகு அல்ல, வரப்போகும் இடத்துக்குப் போக முன். இது முக்கியம், ஏனென்றால் சிகரட்டின் நிக்கொட்டின் பத்திருபது செக்கனில் மூளைக்குப் போய்விடும், சுவிங்கத்தினுடையது மெதுவாகத்தான் ஏறும்.

நான் தாமதமாகக் கேட்ட கேள்வி

பதினோராம் நாள் நிலைமை மோசம். நித்திரை இல்லை, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, மனைவியோடு காரணமில்லாமல் சண்டை. பில் புத்தகத்தில் விலாசம் இல்லாத அந்தரங்கள்: "சும்மா." "சும்மா." "சும்மா, இரவு 1.20." நிக்கொட்டின் விலகல் இந்நேரம் தணியத் தொடங்கியிருக்க வேண்டும். இவருக்கோ ஏறுகிறது.

நாளுக்கு எத்தனை தேத்தண்ணி என்று அப்போதுதான் கேட்டேன். எட்டு. சாயம் கூட்டி.

சிகரட் புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவரின் உடம்பு கஃபீனை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகக் கழிக்கும். இதைச் செய்வது புகை, நிக்கொட்டின் இல்லை, ஆகவே சுவிங்கம் அந்த இடத்தை நிரப்பாது. புகை நின்று சில நாளில் நொதி பழைய நிலைக்கு இறங்கும். பிறகு அதே எட்டுத் தேத்தண்ணி பதினாறு மாதிரி வேலை செய்யும். இவருக்கோ விரத நாட்களில் தேத்தண்ணியும் இல்லை. இரண்டாம் நாள் தலையிடிக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஏழாம் நாள் பாறணையோடு எட்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன, நொதி இறங்கிப்போன ஓர் உடம்புக்குள். எத்தனை வருடம் அந்த ஏழாம் நாள் படபடப்பைச் சிகரட் கேட்கிறது என்று எண்ணிப் பற்றவைத்தாரோ.

நாளுக்கு நான்காகக் குறைத்தோம், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இல்லை. மூன்று நாளில் நித்திரை வந்தது. "சும்மா" என்ற சொல் பில் புத்தகத்தில் இருந்து ஏறத்தாழ மறைந்தது. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தியோபிலின் எடுக்கும் இழுப்பு நோயாளர் புகைப்பதை விடும்போது இதே நொதியை நினைத்து மருந்தின் அளவைக் குறைக்க எனக்குத் தெரியும், தேத்தண்ணி மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

செத்தவீடு

இருபத்திமூன்றாம் நாள். சண்டிலிப்பாய்ப் பக்கம் பெரியப்பா முறையான ஒருவர் காலமானார். இரவு பிரேதத்தோடு விழித்திருக்க வேண்டும். முற்றத்துப் பந்தலில் கதிரைகளைச் சேர்த்து வைத்து 304 சீட்டு விளையாட்டு. நடுவில் தட்டம்: வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, சுருட்டு, தட்டின் ஓரத்தில் விசிறிபோல் அடுக்கிய சிகரட். காசு கொடுக்கத் தேவையில்லை, கேட்கத் தேவையில்லை. மழை வேறு. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இரண்டு சிகரட்.

இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. வர வேண்டிய நாளில் வரவில்லை, அடுத்த கிழமையும் இல்லை. மனைவிதான் சொன்னார். அந்த இரண்டுக்குப் பிறகு வீட்டில் ஒன்றும் பத்தவில்லையாம். ஆனால் சுவிங்கத்தை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டாராம், பில் புத்தகத்தில் எழுதுவதும் நின்றுவிட்டதாம்.

கூப்பிட்டனுப்பி வந்தபோது ஒரே வசனம்தான் சொன்னார்: "விரதம் முறிஞ்சிட்டுது டொக்டர்."

முதல் ஆறு நாளை எங்களுக்கு இலவசமாகத் தந்த விரதம், அதற்கான விலையை இங்கே கேட்டது. விரதத்துக்குக் கணக்கு ஒன்றே: முழுதாக இருந்தால் விரதம், ஒரு வாய் பட்டால் இல்லை. சஷ்டியின் நான்காம் நாள் மறந்து ஒரு துண்டு மீன் தின்றவர் அந்த வருடம் போயிற்று என்றுதான் இருப்பார். புகைப்பதை விடுவதில் இந்தக் கணக்கைப் போட்டால், இரண்டு சிகரட் வழுக்கல் இருநூறு சிகரட் விழுகையாக மாறும். மார்லட் முன்பே எழுதிவைத்தது இதைத்தான். பலரை விழுத்துவது அந்த ஒரு சிகரட்டின் நிக்கொட்டினைவிட, அதற்குப் பிறகு வரும் "எல்லாம் போச்சு" என்ற எண்ணம். அதற்காக ஒன்றிரண்டு பரவாயில்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. முதல் கிழமைகளில் ஒரு சிகரட் தொட்டவர்களில் பெரும்பகுதியினர் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பதும் உண்மைதான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஒரு ஆளுக்குச் சொல்வது இலகுவான வேலை இல்லை.

"வைண்டிங் எரிஞ்சால் மோட்டரைக் கிணத்துக்குள்ள எறியிறனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன். நல்ல உவமை என்று எனக்கு நினைப்பு.

"சிலதை எறியத்தான் வேணும்."

சரி என்று வேறு வழியில் போனேன். எரிந்த மோட்டர் வந்தால் முதலில் என்ன பார்ப்பார் என்று கேட்டேன். எந்தக் கொயில் எரிந்தது, ஏன் எரிந்தது, கரண்ட் குறைவா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா. அப்படியே செத்தவீட்டையும் கழற்றிப் பார்த்தோம். இரவுச் சாப்பாடு இல்லை. தேத்தண்ணி ஐந்து. சுவிங்கம் வீட்டில். புழுக்கொடியலைச் செத்தவீட்டில் கடிப்பது சரியில்லை என்று வெறும் பையோடு போனது. தட்டத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்து காரணமும் கையால் திருத்தக்கூடியவை. அவற்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது குரல் மாறியது, கிளினிக்கில் அல்லாமல் பட்டறையில் இருப்பவரின் குரல். போகும்போது பில் புத்தகத்தில் அந்த இரவை எழுதினார்: "செத்தவீடு. 2."

எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் அவர் போனார். தட்டத்துக்கு முதுகு காட்டும் கதிரையில் இருந்தார். செத்தவீட்டில் கராம்பு சப்பினால் யாரும் பிழையாக நினைப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்தார்.

மனைவியோடும் ஒரு உடன்பாடு செய்தோம். முதல் கிழமைகளில் இவர் வீட்டுக்குள் காலடி வைத்ததும் மனைவி மணந்து பார்ப்பதும் பையைத் தடவுவதுமாக இருந்திருக்கிறார். "கள்ளனைப் பிடிக்கிற மாதிரி" என்று இவருக்குக் கோபம், கோபம் விறாந்தைக்குக் கொண்டுபோகும், விறாந்தை ஆறில் ஒன்று. கேட்பதானால் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தரம் என்று மனைவி ஒத்துக்கொண்டார். 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் ஆலோசனை கிடைக்கும் என்றும் சொன்னேன். முகம் தெரியாத ஆளோடு என்னத்தைக் கதைக்கிறது என்று இவர் எடுக்கவில்லை. முகம் தெரியாத ஆள் என்பதாலேயே எடுத்து வாய்விட்டு அழுத இன்னொரு நோயாளியும் எனக்கு உண்டு.

புகைக்குடில்

நான் உண்மையில் பயந்தது பங்குனிக்கு. புகையிலை வெட்டி, குடிலில் கட்டி, பொச்சுமட்டை மூட்டம் போடும் காலம். இறைப்பும் உச்சம், இவருக்கு நாளுக்கு நான்கைந்து கிணறு. வலிகாமத்துக் காற்றே புகையிலையாக மணக்கும்போது ஐந்து மாத உறுதி என்ன ஆகும் என்று, தையிலேயே அதற்கென ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தேன். சுவிங்கம் தீர்ந்திருந்ததால் மருந்துக்கடைகளிலும் விசாரித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. புகைக்குடிலுக்குப் பக்கத்துக் கிணற்றில் இரண்டு நாள் வேலை செய்திருக்கிறார். "அது அப்பாவின்ர மணம் டொக்டர். சிகரட்டின்ர மணம் வேற." புகையிலை அவருக்கு ஒருபோதும் சிகரட்டை ஞாபகப்படுத்தியதில்லை. அது தகப்பனின் சால்வையையும், இரவில் சாக்குக் கட்டிலில் ஒளிரும் ஒற்றைச் சுருட்டின் நுனியையும் ஞாபகப்படுத்தியது. விலாசங்களை அவர் எழுதித் தந்திருந்தும், இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்துவிட்டேன். அதே கிழமையில் அவரை உலுப்பியது வேறொன்று. புதிதாக அடித்த குழாய்க்கிணற்றில் முதன்முறை தண்ணீர் வந்தபோது, சவர்க்காரம் கொண்டுபோக மறந்துவிட்டாராம். 6 நிமிடம் 10 செக்கன். மண்ணால் தேய்த்துக் கழுவியிருக்கிறார்.

ஒன்பதாம் மாத நிலை: செத்தவீட்டு இரண்டைத் தவிர வேறு இல்லை, அவரும் மனைவியும் சொல்வதன்படி. மூச்சில் காபன் மொனொக்சைட்டு அளக்கும் கருவி எங்களிடம் இல்லாததால் சொல்லை நம்பித்தான் எழுதுகிறேன். இருமல் இரண்டாம் மாதத்தில் நின்றது. நிறை 4 கிலோ கூடியிருக்கிறது, விடுபவர்களில் வழமையாகக் காண்கிற அளவு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடர்கிறது. துணை ஏதும் இல்லாமல் தனியே விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதத்தைத் தாண்டுகிறார்கள், நிக்கொட்டின் மாற்று அந்த வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். இவர் தாண்டியதில் 2 மில்லிகிராம் சுவிங்கத்தின் பங்கு எவ்வளவு, குழாய்வாயின் பங்கு எவ்வளவு என்று ஒரு ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

கடைசியாக வந்தபோது அந்தப் பில் புத்தகத்தைக் கேட்டேன், பிரதி எடுக்க. பின்பக்கம் நிரம்பி, அந்தரக் கணக்கு முன்பக்கத்துக்கு வந்திருந்தது. கடைசிப் பதிவு பதினேழு நாளுக்கு முந்தியது: "விறாந்தை, தம்பி கோல், 2 நிமி." அதன் கீழே, அதே பேனையால், ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் ஒன்றுக்கு பெயாரிங் இரண்டு, வைண்டிங் கூலி, முற்பணம் போக மிச்சம்.

"பிரதி எடுத்திட்டுத் தாங்கோ" என்றார். "அந்த ஆள் இன்னும் காசு தரேல்லை."